மூன்று மாடுகளும் ஒரு வேதியியல் பட்டமும்

சென்ற மாதம் தருமபுரியில் ஒரு கல்லூரிக்குப் பேச அழைத்திருந்தார்கள். வேதியியல் மூன்றாம் ஆண்டு மாணவிகள். தலைப்பையும் அவர்களே வைத்துவிட்டார்கள்: அறிவியல் படித்தவர்களுக்கு நிதித்துறையில் வேலை. எந்தத் தேர்வு, எப்போது, எப்படி விண்ணப்பிப்பது என்பதையெல்லாம் இந்தப் பிள்ளைகள் கைபேசியிலேயே பார்த்துவிடுகிறார்கள். எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. முடிக்கும் நேரத்தில் ஒரு பெண் எழுந்து, "மேடம், நீங்க படிச்ச கெமிஸ்ட்ரி அந்த வேலையில எப்பவாச்சும் உதவுச்சுங்களா, இல்ல அப்படியே வேஸ்ட்டா போச்சுங்களா?" என்று கேட்டாள். மணி அடித்துவிட்டது. "ஒரு தடவை உதவுச்சும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கினேன்.

பேருந்தில் வரும்போது அந்தப் பதில் போதாது என்று பட்டது. எழுதிப் பார்க்கிறேன்.

எனக்கு ஊர் அதியமான்கோட்டை. அப்பா நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்தார். நான் வேதியியல் படித்தது ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்க வேண்டும் என்ற ஆசையில்தான். பட்டம் வாங்கிய பிறகு ஓசூர்ப் பக்கம் மூன்று தொழிற்சாலைகளுக்கு விண்ணப்பம் போட்டேன். இரண்டு இடத்தில் பதிலே இல்லை. மூன்றாவது இடத்தில், ஷிப்ட் வேலைக்குப் பெண்களை எடுப்பதில்லை என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினார்கள். அந்தச் சமயத்தில் அரசுப் பொதுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்று உதவியாளர் தேர்வு அறிவித்திருந்தது. எந்தப் பட்டம் என்றாலும் சரி என்று போட்டிருந்த அந்த ஒரு வரிக்காகவே எழுதினேன்.

நேர்முகத் தேர்வு சேலத்தில். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் என் சான்றிதழைப் புரட்டிவிட்டு, "கெமிஸ்ட்ரி படிச்சவங்க பாலிசி எழுத வந்து என்ன பண்ணப் போறீங்க?" என்றார். நான் பேருந்தில் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்: "எரியற பொருளுக்கெல்லாம் நீங்க இன்சூரன்ஸ் குடுக்கறீங்க சார். எது எப்படி எரியும்னு எனக்குத் தெரியும்." மூவரும் சிரித்தார்கள். அந்தப் பதிலால்தான் வேலை கிடைத்தது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு தெரிந்தது, எழுத்துத் தேர்வில் கணக்குப் பகுதியில் வந்த மதிப்பெண்தான் காரணம்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. உடன் சேர்ந்தவர்கள் எல்லாரும் வணிகவியல். பற்று, வரவு என்று அவர்கள் பேசும்போது நான் வேற்று ஊரில் இறங்கியவள்போல நிற்பேன். பின்னால் எழுதிய துறைத் தேர்வில் கணக்குப் பதிவியல் தாளில் இரண்டு முறை தோற்றேன். மூன்றாவது முறை படிக்கும்போதுதான் அதுவும் ஒரு சமன்பாடு, இந்தப் பக்கம் சேர்த்தால் அந்தப் பக்கமும் சேர வேண்டும் என்று புத்தியில் ஏறியது. அதன் பிறகு பயம் போய்விட்டது.

தருமபுரிக் கிளையில் எனக்குக் கொடுத்தது கால்நடை இழப்பீட்டு மேசை. யாரும் விரும்பாத மேசை. ஏன் என்று முதல் வாரத்திலேயே தெரிந்தது. காப்பீடு செய்த மாட்டின் காதில் எண் பொறித்த ஒரு வில்லை குத்தியிருப்பார்கள். மாடு இறந்தால், அந்த வில்லை இருக்கும் காதுத் துண்டை அறுத்து விண்ணப்பத்தோடு கொடுக்க வேண்டும். வில்லை இல்லை என்றால் பணம் இல்லை. கம்பைநல்லூர், அரூர் பக்கத்திலிருந்து பொட்டலங்கள் வரும். நியூஸ் பேப்பரில், பிளாஸ்டிக் பையில், ஒருமுறை பள்ளிக்கூடப் பிள்ளையின் டிபன் பாக்ஸில். எனக்கு முன்பு அந்த மேசையில் இருந்தவர் அவற்றை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார். நான் மருந்துக்கடையில் சொல்லி வைத்து, சதை அழுகாமல் காக்கும் ஃபார்மலின் வாங்கினேன். வாய் அகன்ற நான்கு பாட்டில்கள், லேபிள், தேதி. இரண்டு நாளில் அலுவலகத்தில் நாற்றம் போயிற்று. "படிச்ச படிப்புக்குப் பலன் கெடைச்சிருச்சுங்க விஜயா" என்று காசாளர் கேலி செய்தார். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் வலித்தது.

கிளை மேலாளர் கேசவமூர்த்தி. ஓசூருக்கு அப்பால் எல்லையோரத்துக்காரர், வீட்டில் கன்னடம். எங்களோடு தமிழில்தான் பேசுவார், ஆனால் நம்பிக்கை வராத இடத்தில் மட்டும் தன்னை அறியாமல் "ஹௌதா?" என்பார். 'அப்படியா' என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லுக்கு நாங்கள் எல்லோரும் பயப்படுவோம். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோப்பைக் கொண்டு போனவர்களை முதலில் உட்காரச் சொல்வார். ஆள் நிற்கும்போது படித்தால் அவசரம் வந்துவிடுமாம். பிறகு கோப்பை அடியிலிருந்து படிப்பார். அலுவலகக் கோப்புகளில் புதிய தாள் மேலே இருக்கும், முதலில் நடந்தது அடியில் கிடக்கும். எல்லோரும் மேலே இருக்கும் முடிவைப் படித்துவிட்டு அதற்குத் தகுந்த மாதிரி கீழே தேடுவார்கள். அவர் அடியிலிருந்து ஒவ்வொரு தாளாகத் திருப்புவார். பென்சில் ஒன்று வைத்திருப்பார். யாராவது கண்ணால் பார்த்து எழுதியிருந்தால் ஓரத்தில் ஒரு டிக். கேட்டதையோ ஊகித்ததையோ எழுதியிருந்தால் ஒரு வட்டம். கோப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது எத்தனை டிக், எத்தனை வட்டம் என்று நாமே எண்ணிக்கொள்ளலாம்.

அவரிடம் நான் வாங்கிய முதல் அடி மாங்கூழ் விஷயத்தில். ஒரு சிறு மாங்கூழ்த் தொழிற்சாலையில் நூற்றுக்கணக்கான டின்கள் உப்பி வெடித்துவிட்டன. இழப்பீடு கேட்டிருந்தார்கள். அதைப் பார்க்க வேண்டிய மேசைக்காரர் விடுப்பில் இருந்ததால் கோப்பு என்னிடம் வந்தது. எனக்கு உற்சாகம். நொதித்தல் எப்படி நடக்கிறது, என்ன வாயு உண்டாகிறது, மூடி எந்த அழுத்தத்தில் பிதுங்கும் என்று இரண்டு பக்கத்துக்குக் குறிப்பு எழுதிக் கொண்டுபோனேன். அவர் முழுவதையும் பொறுமையாகப் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. ஏன் உப்புச்சுன்னு எனக்கு இப்பப் புரிஞ்சிருச்சு. அவங்க எடுத்த பாலிசி எதுக்கு?"

"தீ விபத்துக்கு சார்."

"தீ எங்க?"

நான் என் குறிப்பை மறுபடி புரட்டினேன்.

"ஏன் கெட்டுச்சுன்னு யாரும் நம்மகிட்ட கேக்கலீங்க விஜயா. நாம பொறுப்பா இல்லையான்னுதான் கேட்டிருக்காங்க. மொதல்ல கேள்வி என்னன்னு பாருங்க."

அன்றைக்கு என் இடத்துக்கு வந்து அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துப்போட்டேன். அறிவியல் பட்டத்தோடு இந்தத் துறைக்கு வருகிறவர்களுக்கு நான் உண்மையில் சொல்ல வேண்டியது இதுதான் என்று இப்போது படுகிறது. நமக்கு விடை தெரிந்த கேள்வியை நாமே கேட்டுக்கொண்டு விடுவோம்.

வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு வருடம் இருக்கும். மழை பொய்த்த வருடம் அது. கம்பைநல்லூருக்குப் பக்கத்து ஊரிலிருந்து மாதம்மா என்ற பெண்ணின் கோப்பு வந்தது. கணவர் பெங்களூரில் கட்டட வேலை. இவர் கடனில் வாங்கிய மூன்று கறவை மாடுகளை வைத்துப் பால் ஊற்றிக் குடும்பம் நடத்தியவர். ஒரே காலையில், ஒரு மணி நேரத்துக்குள், மூன்று மாடும் நுரை தள்ளி விழுந்து செத்துவிட்டன. மூன்று காதுகளும் வில்லையோடு ஒழுங்காக வந்து என் பாட்டில்களில் இருந்தன. கால்நடை மருத்துவர் பிரேதப் பரிசோதனை செய்து, விஷமாக இருக்கலாம் என்று எழுதி, உள்ளுறுப்புகளை ஆய்வுக்கு அனுப்பியிருந்தார்.

மாதம்மாவுக்கும் அடுத்த காட்டுக்காரரான அவர் கொழுந்தன் முருகேசனுக்கும், அதற்கு முந்தின வாரம்தான் கிணற்றுத் தண்ணீர் முறை விஷயத்தில் பெரிய சண்டை நடந்திருந்தது. பேச்சு வார்த்தை நின்றுவிட்டது. மாடு செத்ததும் ஊரே முருகேசனைப் பார்த்தது. காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போய் ஒரு பகல் முழுக்க உட்கார வைத்து அனுப்பினார்கள். அதன் பிறகு அவரிடம் யாரும் பால்கூட வாங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஆய்வு அறிக்கை வந்தது. சயனைடு இருக்கிறது என்றது. எங்கள் அலுவலகம் நியமித்த விசாரணையாளர், ஓய்வு பெற்ற காவல்துறைக்காரர், அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு வேறு திசையில் போனார். வறட்சியில் பால் குறைந்துவிட்டது, கடன் தவணை நிற்கிறது, மாட்டை விற்றாலும் விலை போகாது. முக்கியமாக, மாதம்மாவின் தம்பி சேலத்தில் வெள்ளிப் பட்டறையில் முலாம் பூசும் வேலை செய்கிறான். அங்கே சயனைடு புழங்கும். எனவே காப்பீட்டுப் பணத்துக்காக உரிமையாளரே கொன்றிருக்கிறார் என்பது அவர் முடிவு. வேண்டுமென்றே கொன்றால் பாலிசி செல்லாது. தள்ளுபடி செய்யலாம் என்று நானே குறிப்பு தயாரித்து உள்ளே கொண்டுபோனேன். கேசவமூர்த்தி அடியிலிருந்து படித்தார், ஆய்வு அறிக்கைக்கு டிக் போட்டார், விசாரணையாளர் முடிவுக்கு வட்டம் போட்டார், கொஞ்ச நேரம் யோசித்தார், பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டார். சயனைடு என்ற சொல் அவரையும் ஜெயித்துவிட்டது.

மாலைப் பேருந்தில் அதியமான்கோட்டைக்கு வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது. ஆய்வு அறிக்கையில் வெள்ளிப் பட்டறையில் புழங்கும் சயனைடு உப்பின் பெயர் இல்லை. ஹைட்ரோசயனிக் அமிலம் என்றுதான் இருந்தது. எங்கள் பேராசிரியர் மரவள்ளியை வைத்து நடத்திய பாடம் நினைவுக்கு வந்தது. சில செடிகள் இந்த அமிலத்தைத் தாமே உண்டாக்கும். மரவள்ளி ஒன்று. சோளம் இன்னொன்று. அதிலும் வறட்சியில் காய்ந்து நின்று, ஒரு மழைக்குத் திடீரென்று துளிர்க்கும் சோளம். நான் விவசாயக் குடும்பம் இல்லை. விவசாயிகளுக்கு இது தெரிந்திருக்குமா என்பது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது கரும்பலகையில் பார்த்த வாய்பாடு மட்டும்தான்.

மறுநாள் காலை மேலாளர் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார்.

"சார், நேத்து மாதம்மா கோப்பை இன்னும் சேலம் டிவிஷன் ஆபீசுக்கு அனுப்பலீங்க."

"ஏன்?"

"அந்த விஷம் சோளப் பயிர்லயே இருக்கும் சார். யாரும் வைக்க வேண்டியதில்ல."

"ஹௌதா?"

 மாங்கூழ் டின்கள் கண்முன் வந்தன. "கேள்வி மாறல சார்" என்று மெல்லச் சொன்னேன். "கொன்னாங்களா, இல்லையா. அதுதான் கேள்வி. மாடு அன்னைக்கு என்ன தின்னுச்சுன்னு இந்தக் கோப்புல யாருமே கேக்கல."

அவர் கோப்பை வாங்கித் தன் கையெழுத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு அதன் மேல் ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியிட்டார். "மூணு நாள் எடுத்துக்குங்க. பாத்தது மட்டும் எழுதுங்க."

மாதம்மாவுக்கு முப்பது வயதுதான் இருக்கும். வாசலில் வெறும் கட்டுத்தறி மூன்று. நான்காவது தறியில் ஒரு கிடாரிக் கன்று நின்றது. என்னை விசாரணைக்கு வந்த இன்னொரு ஆள் என்று நினைத்து, கேட்கும் முன்பே தம்பியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

"எந்தம்பி மாசத்துக்கு ஒருக்கா வூட்டுக்கு வரதே கஷ்டமுங்க. அவனையும் போயி கேட்டிருக்காங்க. மொதலாளி வேலைய விட்டு நிறுத்திட்டாரு."

"நான் அதைக் கேக்க வரலீங்க. அன்னைக்குக் காலையில மாட்டுக்கு என்ன போட்டீங்க?"

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. இதை யாரும் கேட்டிருக்கவில்லை. "நாலு மாசமா பச்சையே கண்ணுல பாக்கலீங்க அதுங்க. வெறும் வைக்கோலு. ரெண்டு நாள் முன்னால ஒரு மழை வந்துச்சு. அறுத்த சோளக்காட்டுல கட்டையெல்லாம் துளிர் வுட்டுருச்சு. பாக்கவே ஆசையா இருந்துச்சுங்க. ஒரு கட்டு அறுத்தாந்து மூணுக்கும் பிரிச்சுப் போட்டேன். ஆவலாத் தின்னுச்சுங்க."

"இந்தக் கன்னுக்கு?"

"பத்தலீங்க. கறக்கற மாட்டுக்குத்தானே மொதல்ல. இதுக்கு வைக்கோலுதான். தண்ணி மட்டும் எல்லாத்துக்கும் ஒரே தொட்டியில காட்டினேன்."

நான் நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். தொட்டித் தண்ணீரில் யாராவது கலந்திருந்தால் அந்தக் கன்றும் செத்திருக்க வேண்டும். அது என் முந்தானையை முகர்ந்துகொண்டு நின்றது.

"துளிர் சோளம் மாட்டுக்கு ஆகாதுன்னு உங்களுக்கு யாரும் சொன்னதில்லீங்களா?"

"எனக்குப் பொறந்த ஊரு சித்தேரிங்க. மலையில எங்க பக்கம் சாமையும் ராகியும்தான். சோளத்தட்டுங்கறதே இங்க வாக்கப்பட்டு வந்துதான் பாத்தேன். எங்க வூட்டுக்காரரு ஊர்ல இருந்தா அவருதான் தீனி பாப்பாரு." சட்டென்று நிறுத்தினார். "ஏனுங்க கேக்கறீங்க?"

 தெரிந்த மட்டும் சொன்னேன். இன்னும் சோதித்துப் பார்க்க வேண்டும், உறுதியில்லை என்றேன். அவர் கேட்டுக்கொண்டே கட்டுத்தறி பக்கமாகத் தரையில் உட்கார்ந்தார்.

"அப்போ எங்கையாலதானுங்களா?"

"உங்களுக்குத் தெரியாதுங்க" என்றேன். வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று இத்தனை வருடமாக யோசிக்கிறேன். இன்னும் கிடைக்கவில்லை.

காடு உழாமல் அப்படியே கிடந்தது. அந்த வாரம் மறுபடி ஒரு தூறல் விழுந்து கட்டைகளில் புதுத் துளிர் வந்திருந்தது. அதைக் கொஞ்சம் அறுத்து ஈரத் துணியில் சுற்றினேன். காட்டோரம் கிடந்த பழைய காய்ந்த சோளத்தட்டும் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். வரப்பில் முருகேசன் நின்றார். நான் யார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

"அதுல ஒண்ணும் கெடையாதுங்க மேடம், வெறும் துளிரு" என்றார்.

"மாடு தின்னா ஆகாதுங்களா இது?"

 அவர் அந்தக் கட்டைகளையே பார்த்தார். பிறகு, நான் கேட்காமலே, தரையைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணி அன்னைக்கு அறுக்கும்போது நான் இங்கதாங்க நின்னேன். பாத்தேன். பாத்தும் சொல்லல. பேச்சில்லாம இருந்துச்சுங்களா... நாம எதுக்கு வாயக் குடுக்கணும்னு போயிட்டேன். மூணும் சாவும்னு நெனைக்கலீங்க. கழிச்சல் போகும், பால் குறையும், அப்படித்தான் நெனைச்சேன்."

"ஸ்டேஷன்ல இதைச் சொன்னீங்களா?"

"விஷம் வெச்சியான்னு கேட்டாங்க. இல்லைன்னேன். அது நெசந்தானுங்களே."

நான் கிளம்பும்போது, "அண்ணிகிட்ட நீங்க சொல்லிராதீங்க. சொல்றதுன்னா நானே சொல்லிக்கறேன்" என்றார். நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. பேருந்துக்கு நடந்தேன்.

கல்லூரியில் என்னோடு படித்த கலைச்செல்வி அப்போது அங்கேயே விரிவுரையாளர். அவள் துறைத்தலைவரிடம் அனுமதி வாங்கிக் கொடுத்தாள். பிக்ரிக் அமிலக் கரைசலிலும் சோடாக் கரைசலிலும் நனைத்த வடிதாள் பட்டை மஞ்சளாக இருக்கும். துளிரை நறுக்கிச் சோதனைக் குழாயில் போட்டு, இரண்டு சொட்டு குளோரோஃபார்ம் விட்டு, இலை மேல் படாமல் தாளைத் தொங்கவிட்டு, தக்கையால் அடைத்தேன். அந்த அமிலத்தின் ஆவி இருந்தால் தாள் சிவக்கும். இன்னொரு குழாயில் காய்ந்த தட்டு. இரண்டையும் வெதுவெதுப்பான நீரில் நிறுத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். எட்டு ஒன்பது வருடம் ஆகிவிட்டது நான் குழாயைத் தொட்டு. 

முதலில் தாளின் அடி ஓரம் ஆரஞ்சாயிற்று. பிறகு மெதுவாக மேலேறி, முழுப் பட்டையும் செங்கல் நிறத்துக்கு வந்தது. காய்ந்த தட்டின் தாள் மஞ்சளாகவே நின்றது. கலைச்செல்வி, "வந்திருச்சுடி!" என்று கத்தினாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கட்டுத்தறி பக்கத்தில் உட்கார்ந்த மாதம்மாதான் கண்ணில் நின்றார்.

கேசவமூர்த்தி இரண்டு தாள்களையும் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது இப்ப வந்த துளிரு. செத்த மாடு தின்னது இது இல்லையே" என்றார்.

"அதுக்குப் பிரேதப் பரிசோதனை அறிக்கை இருக்குங்க சார். ரெண்டாம் பக்கம், அடியில. இரைப்பையில பாதி மென்ன பச்சைத் தீவனம்னு டாக்டர் எழுதியிருக்காரு. ரத்தம் நல்ல சிவப்பா இருந்ததாவும் எழுதியிருக்காரு. இந்த விஷத்துக்கு அதுதான் அடையாளம்."

மருத்துவரையும் நான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அவர் அதற்குள் வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தார். "எனக்கு அன்னைக்கே சோளம்னு தோணுச்சுங்க. ஆனா சுத்தி போலீஸ் நின்னுச்சு, ஊரே விஷம்னு கத்துச்சு. எதுக்கு வம்பு, லேப்ல பாத்துக்கட்டும்னு விட்டுட்டேன்" என்றார். அதையே ஒரு கடிதமாக, கொஞ்சம் மரியாதையான சொற்களில், எழுதிக் கொடுத்திருந்தார்.

மேலாளர் பென்சிலை எடுத்தார். பச்சைத் தீவனத்துக்கு டிக். ரத்தத்துக்கு டிக். கன்றுக்கு டிக், நான் பார்த்ததால். தொட்டிக்கு வட்டம், நான் கேட்டது என்பதால். என் தாள் பட்டைகளுக்கு ரொம்ப யோசித்து டிக் போட்டார்.

"இன்னொண்ணு இருக்கு" என்றார். "கவனக் குறைவால செத்தாலும் நாம குடுக்க வேண்டியதில்ல. ஆகாதுன்னு தெரிஞ்சு போட்டாங்களா?"

சித்தேரியைச் சொன்னேன். கணவர் ஊரில் இல்லாததைச் சொன்னேன். பிறகு முருகேசன் வரப்பில் சொன்னதையும் சொன்னேன். அவரிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். "அந்த ஆளு சொல்லியிருந்தா அந்தம்மா போட்டிருப்பாங்களா?"

"மாட்டாங்க சார்."

"அப்போ அவங்களுக்குத் தெரியாதுங்கறது உறுதி. அது போதும். அவரு சும்மா நின்னதுக்கு நம்ம பாலிசியில எடமில்ல. எழுதாதீங்க." பிறகு தனக்குத்தானே போல, "எந்தச் சட்டத்துலயும் எடமில்ல" என்றார்.

அந்தக் குறிப்பை நான் ஒன்றரைப் பக்கத்தில் எழுதினேன். வாய்பாடு எதுவும் போடவில்லை. கோப்பு சேலத்துக்குப் போய், இரண்டு முறை கேள்வியோடு திரும்பி வந்து, மூன்றாம் முறை ஒப்புதலாயிற்று. அதன் நகல் ஒன்றை, மேலாளரே தன் கையால் உறையெழுதி, காவல் நிலையத்துக்கு அனுப்பினார். இன்னொன்றை வெள்ளிப் பட்டறை முதலாளிக்கு அனுப்பலாமா என்று கேட்டேன். நிறுவனத்தின் கடிதத் தலைப்பில் முடியாது என்றார். அன்று மாலை தபால் நிலையத்தில் நின்று, வெள்ளைத் தாளில், என் பெயரைப் போட்டு நானே எழுதினேன். பதில் வரவில்லை. தம்பியை மறுபடி எடுத்துக்கொண்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அந்த ஆண்டு பதவி உயர்வுத் தேர்வில் எனக்கு இடம் கிடைத்தது. நேர்முகத்தில் மாதம்மா கோப்பைப் பற்றித்தான் கேட்டார்கள். அதன் பிறகு தீ, சரக்கு, பட்டாசு என்று எந்த மேசைக்குப் போனாலும் "கெமிஸ்ட்ரி மேடம்" என்ற பெயர் கூடவே வந்தது. ஆனால் பணியில் இருந்த முப்பத்து மூன்று வருடத்தில் குழாயைத் தொட்டது அந்த ஒரு முறைதான். மற்ற நாளெல்லாம் தாள்களை அடியிலிருந்து படித்தேன்.

மாதம்மா பணம் வாங்க வந்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். இழப்பீட்டுச் சீட்டில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் கையெழுத்துப் போட வேண்டும். கீழே சாட்சி ஒருவர் கையெழுத்து. மாதம்மா எழுத்துக் கூட்டி மெதுவாகத் தன் பெயரைப் போட்டார். சாட்சிக்கு வழக்கமாகக் காசாளரைக் கூப்பிடுவோம். நான் எழுந்தபோது மாதம்மா தடுத்தார்.

"வேண்டாங்க. ஆளு வந்திருக்குது."

படிக்கட்டுப் பக்கம் முருகேசன் நின்றிருந்தார். உள்ளே வரக் கூச்சப்பட்டவர்போல, துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு. இரண்டு பேரும் சேர்ந்து வந்திருக்கிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் சொல்லிவிட்டாரா இல்லையா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. மாதம்மா திரும்பி அவரைப் பார்த்தார். குரலில் கோபமும் இல்லை, சமாதானமும் இல்லை.

"அவருதானுங்க எல்லாத்தையும் பாத்தவரு. அவரே சாட்சி போடட்டும்."

முருகேசன் வந்தார். நான் பேனாவைக் கொடுத்தேன். எங்கே என்று விரலால் காட்டினேன். குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். எழுதி முடித்தும் நிமிரக் கொஞ்ச நேரமாயிற்று. பிறகு பேனாவைத் திருப்பிக் கொடுக்க மறந்து, தன் சட்டைப் பையிலேயே செருகிக்கொண்டு, மாதம்மாவுக்குப் பின்னால் படியிறங்கிப் போனார். நான் கேட்கவில்லை.